மை வாஷ் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

பெயின்ட் அடித்து முடித்த ஸ்கேல் மாடல் முதலில் தட்டையாகத்தான் தெரியும். ரிவெட், பேனல் கோடு (இரண்டு தகடு சேரும் இடத்துக் கோடு), கீல், பலகையின் ரேகை எல்லாம் அச்சில் இருக்கும், கண்ணில் படாது. நன்றாக நீர்த்த மையை மேலே விட்டால் அது மேட்டை விட்டு விலகிப் பள்ளத்தில் போய்த் தங்கி, அவ்வளவு சின்ன உருவத்தில் தானாக விழாத நிழலை விழ வைக்கும். இதைத்தான் வாஷ் என்கிறோம். எனாமலிலும் எண்ணெய்ப் பெயின்டிலும் செய்யலாம்தான், ஆனால் மை சீக்கிரம் காயும், டர்பன்டைன் நெடி இல்லை, ஒரு சின்னப் பாட்டில் பல மாடலுக்கு வரும் என்பதால் பலரும் இதில்தான் ஆரம்பிக்கிறோம்.

ஆரம்பித்ததும் ஏதாவது ஒன்று கெடும். உடனே மையை மாற்றிப் பார்ப்பது பலருக்கும் வழக்கம், அங்கேதான் நேரம் வீணாகிறது. குற்றம் பெரும்பாலும் மையில் இருக்காது. மைக்கு அடியில் இருக்கும் பூச்சிலோ, மையைக் கலந்த திரவத்திலோதான் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போவதாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாக இருக்கும் பூச்சு என்ன: அக்ரிலிக்கா, எனாமலா, லாக்கரா, அது மேட்டா (பளபளப்பே இல்லாததா) பளபளப்பா? வாஷ் தண்ணீரில் கலந்ததா, ஆல்கஹாலில் கலந்ததா? இந்த இரண்டும் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே பிடிபட்டுவிடும்.

கலவையின் அளவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'அதிகம்', 'குறைவு' என்பதற்கு அர்த்தமே இருக்காது. விமானம், டாங்கி, உருவ பொம்மை போன்ற பிளாஸ்டிக் மாடலுக்கு 1 பங்கு மை, 10 முதல் 20 பங்கு காய்ச்சி வடித்த நீர், அதில் ஃப்ளோ இம்ப்ரூவர் (திரவம் உருளாமல் பரவ உதவும் சேர்மானம்) ஓரிரு சொட்டு. மரம், பிளாஸ்டர், ரயில் மாடல் கட்டடங்களுக்கு ஆல்கஹால் கலவை நன்றாக வரும்: 50 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அரை மில்லி முதல் 1 மில்லி வரை கருப்பு இண்டியன் இங்க் (கரித்துகளால் ஆன, தண்ணீர் புகாத மை). பார்க்க ரொம்பத் தண்ணீராகத் தெரியும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வேலை செய்யுங்கள். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவியும் தோலில் படுவதும் உடம்புக்குக் கெடுதல்.

முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது, பரவவே இல்லை

தண்ணீர் வாஷில்தான் இது வரும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 22-ஐ ஒட்டித்தான். அதாவது தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உருண்டு நிற்கப் பார்க்கும், ஆல்கஹால் படுத்துப் பரவும். பளபளப்பு வார்னிஷ் மேல் தண்ணீர் வாஷ் விட்டால் உருளத்தான் செய்யும்.

ஃப்ளோ இம்ப்ரூவர் சேருங்கள். அது இல்லையென்றால் பாத்திரம் கழுவும் திரவத்தில் பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து 10 மில்லி வாஷில் ஒரு கலக்கு கலக்கினால் போதும். ஒரு முழுச் சொட்டு விடாதீர்கள். சோப்பு ஆவியாகாது, அங்கேயே தங்கிவிடும்; பிசுபிசுவென்று ஒரு படலம் நின்று, அப்புறம் அடிக்கும் வார்னிஷ் ஒழுங்காகப் பிடிக்காது. கலக்கும்போது நுரை வந்தால் சோப்பு அதிகம் என்று அர்த்தம், அந்த நுரைக்குமிழி ரிவெட் மேல் உட்கார்ந்து உடைந்தால் சின்னச் சின்ன வட்டமாகவே காய்ந்துவிடும். நுரை அடங்கும் வரை கலவையை விட்டு வைத்துவிட்டுத் தொடுங்கள்.

எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பரவி, ஓரிரு இடத்தில் மட்டும் மை விலகி ஓடினால் அது விரல் ரேகையின் எண்ணெய். வாஷைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தை இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு மறுபடி விடுங்கள், இனிமேல் மாடலை இறக்கைக்கு அடியிலோ ஒரு கட்டையில் ஒட்டியோ பிடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் நிற்காமல் மாடல் முழுக்க அழுக்கேறிவிட்டது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மேட் பெயின்டை ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் பார்த்தால் கரடுமுரடு தெரியும், மேட் தோற்றமே அந்தக் கரடுமுரடால்தான் வருகிறது. மை அந்தக் குழிகளையும் பள்ளமென்றே எடுத்துக்கொள்ளும். ஒரு சொட்டு விட்டதும் எல்லாப் பக்கமும் ஊறிப் பரவி மொத்தப் பரப்பையும் ஒரு படி கருக்கடித்துவிடும். பளபளப்புப் பூச்சின் மேல் பிரஷ் நுனியை பேனல் கோட்டில் தொட்டாலே போதும், மை தானாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். கோடு எங்கே திரும்புகிறதோ மையும் அங்கே திரும்பும். இதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நொடி.

அதனால் கோடும் ரிவெட்டும் மட்டும் எழ வேண்டும் என்றால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அப்புறம் வாஷ், கடைசியில் மேட் வார்னிஷ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டாங்கி போலப் பரப்பு முழுக்கவே தூசும் புகையும் படிந்த மாதிரி வர வேண்டுமென்றால் சாட்டின் (மேட்டுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்ட) வார்னிஷ் போதும், அங்கே கொஞ்சம் கறை பிடிப்பது நல்லதுதான்.

ஏற்கெனவே அழுக்கேறிவிட்டதா? ஈரம் இருந்தால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் காற்று வீசும் திசையில், அதாவது விமானத்தில் மூக்கிலிருந்து வாலுக்கும், வண்டியில் மேலிருந்து கீழுக்கும் துடைத்தெடுங்கள். மிச்சம் நிற்கும் கறை அப்போது இயல்பான மழைத்தடம் போலவே தெரியும். காய்ந்துவிட்டால் தண்ணீர் வேலை செய்யாது, ஏனென்றால் நல்ல இண்டியன் இங்க் காய்ந்தபின் தண்ணீரில் கரையாதபடிதான் செய்யப்படுகிறது. அடிப்பூச்சு எனாமலோ நன்றாகக் காய்ந்த லாக்கரோ ஆக இருந்தால் ஆல்கஹாலில் லேசாக நனைத்த குச்சியால், தெரியாத மூலையில் ஒரு முறை பார்த்துவிட்டுத் துடைக்கலாம். அடியில் அக்ரிலிக் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அடிப்பெயின்டைக் கொஞ்சம் நீர்த்து, கறை பட்ட பேனலின் நடுவில் மட்டும் மறுபடி பூசிவிடுங்கள். நடுப்பகுதி வெளுத்து ஓரம் இருண்டு நிற்பது வெயிலில் கிடந்த உலோகத் தகட்டுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

காய்ந்தபின் ஓரத்தில் வளையம்

மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடுவில் வெளிறி ஓரத்தில் கருத்து நிற்கிறதே, அதே விஷயம்தான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். சொட்டின் ஓரம் பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராது, ஆனால் ஓரத்தில்தான் திரவம் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும், ஓடும்போது துகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே இறக்கிவிடும். இண்டியன் இங்க்கில் நிறம் தருவது கரித்துகள் என்பதால் அது தவறாமல் ஓரத்தில் போய்ச் சேரும்.

இது புரிந்தால் தீர்வும் புரியும்: ஓரமே உருவாகாதபடி செய்ய வேண்டும். தட்டையான பரப்பின் நடுவில் குட்டையாக விடாதீர்கள். ஒரு பேனலை எடுத்தால் கோட்டிலிருந்து கோடு வரை முழுதும் விடுங்கள், அப்போது ஓரம் கோட்டுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். பிரஷை முக்கியதும் டிஷ்யூ தாளில் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் மாடலைத் தொட வேண்டும். அதிகமாக விழுந்துவிட்டால் உலர்ந்த, சுத்தமான இரண்டாவது பிரஷின் நுனியை அந்தக் குட்டையில் வைத்தால் அதுவே உறிஞ்சிவிடும். ஒரு கையில் மை பிரஷ், இன்னொரு கையில் உலர்ந்த பிரஷ் என்று பழகிவிட்டால் வளையம் வருவது மிகவும் குறைந்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரை நீட்டாதீர்கள். அது மையைத் தள்ளிக்கொண்டு போய் வேறொரு இடத்தில் வளையம் போடும்.

காய்ந்த வளையத்தின் மேல் அதே வாஷை இன்னும் நீர்த்து, ஓரத்தை மட்டும் நனைத்துத் தேய்த்தால் சில சமயம் இளகும். இளகாவிட்டால் அங்கே எண்ணெய்க் கசிவோ துருவோ வரைந்து மறைப்பதுதான் மரியாதையான வழி. வளையம் கருப்பாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அது வேறு கதை, குழாய்த் தண்ணீரின் உப்பு. காய்ச்சி வடித்த நீருக்கு மாறுங்கள்.

வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது

ஆல்கஹால் வாஷ், அடியில் மேட் வார்னிஷ், விட்ட சில நிமிடத்தில் பனி மூடியதுபோல வெளுப்பு. பார்த்ததும் வயிறு கலங்கும், ஆனால் உள்ளே பெயின்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆல்கஹால் வார்னிஷின் மேற்பரப்பை இளக்கிவிட்டிருக்கிறது, மறுபடி காயும்போது அது ஒழுங்கற்றுக் காய்ந்து ஒளியைச் சிதறடிக்கிறது. தேய்க்கவே தேய்க்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு அதே வார்னிஷை லேசாக ஒரு முறை ஸ்பிரே செய்தால் பெரும்பாலும் வெளுப்பு மறைந்துவிடும். ரயில் வண்டிக்கும் மரப் பெட்டிக்கும் சிலர் வேண்டுமென்றே இந்த வெளுப்பை வரவழைத்து, வெயிலில் நிறம் போன பெயின்ட் என்று காட்டுகிறார்கள், பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். என்ன, அப்புறம் மேலே எந்த வார்னிஷும் அடிக்க முடியாது, அடித்தால் அந்த வெளுப்பு போய்விடும்.

வாஷே விடாமல், வார்னிஷ் ஸ்பிரே செய்தபோதே வெளுத்தால் காற்றின் ஈரம்தான் காரணம். மழை நாளில் ஸ்பிரே வேண்டாம்.

அடிப்பெயின்ட் இளகி பிரஷோடு வருகிறது

அக்ரிலிக் மேல் ஆல்கஹால். வேறு காரணம் தேடவே வேண்டாம். டாமியா அக்ரிலிக் போன்ற பெயின்டுகளை ஆல்கஹாலால்தான் நீர்க்கிறோம், அதன் மேலேயே ஆல்கஹால் வாஷை விட்டால் அது கரையத்தான் செய்யும். தண்ணீர் வகை அக்ரிலிக்கும் ஆல்கஹால் பட்டால் இளகும், பிரஷால் இரண்டு தடவை தேய்த்தால் பிரைமர் வரை வந்துவிடும்.

பிரஷை உடனே எடுங்கள், அந்த இடத்தைத் தொடாமல் ஒரு நாள் விடுங்கள். இறுகிய பிறகு மிக நைசான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுச் சமப்படுத்தி, பெயின்ட் தொட்டு நிரப்புங்கள். அடுத்த முறைக்கு விதி எளிது: அடியில் அக்ரிலிக் என்றால் மேலே தண்ணீர் வாஷ். ஆல்கஹால்தான் வேண்டுமென்றால் நடுவில் லாக்கர் வகை பளபளப்பு வார்னிஷ் ஒன்று அடித்து இரண்டு நாள் காயவிடுங்கள், அப்போதும் தேய்க்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள்.

கலவையில் குருணை குருணையாகத் திரள்கிறது

மையும் ஆல்கஹாலும் ஒத்துப்போகவில்லை. மையில் கரித்துகளை மிதக்க வைத்திருக்கும் பொருள் தண்ணீருக்கென்று தயாரானது, திடீரென்று அடர்ந்த ஆல்கஹாலில் விழுந்தால் சில மைகளில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் மையில் இது இன்னும் சகஜம். திரண்டதை மறுபடி கரைக்க முடியாது, கொட்டிவிடுங்கள். முதலில் மையைக் கொஞ்சம் தண்ணீரில் நீர்த்து, அதில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். 90-க்கு மேல் சதவீதம் உள்ளதை விட்டு 70 சதவீத ஆல்கஹாலை எடுத்தாலும் பல சமயம் தீரும். எந்தப் புது பாட்டிலையும் ஒரு மூடியளவு கலந்து அரை மணி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய அளவில் கலக்குங்கள். அடியில் படிவது மட்டும் என்றால் அது திரளல் இல்லை, கரி கனமென்பதால் படிகிறது. நன்றாகக் குலுக்கினால் சரியாகிவிடும்.

ஈரத்தில் அருமை, காய்ந்ததும் காணோம்

ஆல்கஹால் வாஷின் இயல்பே இதுதான். ஈரமான பரப்பு எப்போதும் ஆழ்ந்த நிறமாகத் தெரியும், காய்ந்தபின் பாதிதான் நிற்கும். மையைக் கூட்டாதீர்கள். இன்னொரு அடுக்கு விடுங்கள், வேண்டுமானால் அதற்கு மேலும் ஒன்று. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஷெல்லாக் என்ற அரக்கு சேர்ந்த இண்டியன் இங்க் தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலுக்கு இளகும். இரண்டாவது அடுக்கு போடும்போது பிரஷை முன்னும் பின்னும் ஓட்டினால் முதல் அடுக்கையே கழுவி எடுத்துவிடுவீர்கள். ஒரே இழுப்பு, அடுத்த இடம்.

கோடு கரேலென்று, கார்ட்டூன் மாதிரி தெரிகிறது

கருப்பு மையை நேராக விட்டதன் விளைவு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1/72 மாடலில், அதாவது நிஜத்தைவிட 72 மடங்கு சிறியதில், 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு என்றால் நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய இடைவெளி நிஜத்தில் எந்த இரண்டு தகட்டுக்கு நடுவிலும் இருக்காது. கோடு ஏற்கெனவே பெரிதாகத்தான் செதுக்கப்பட்டிருக்கிறது, அதில் சுத்தக் கருப்பை ஊற்றினால் கண் முதலில் அங்கேதான் போகும்.

அடிநிறத்திலிருந்து இரண்டு மூன்று படி மட்டும் இருண்ட நிறத்தை எடுங்கள். வெள்ளை, வெளிர் சாம்பலுக்கு நடுச்சாம்பல். மஞ்சள், மணல் நிறம், சிவப்புக்கு செப்பியா அல்லது காவி கலந்த பழுப்பு. பச்சைக்குக் கரும்பழுப்பு. கருப்பு மையை முழுதாக வைத்துக்கொள்ளக்கூடிய இடங்கள் என்ஜின், சக்கரச் சங்கிலி, காற்றுத்துளை வலை, அசையும் சிறகுக்கும் இறக்கைக்கும் நடுவில் நிஜமாகவே இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளி கருப்பாகவும் மற்றப் பேனல் கோடுகள் மங்கலாகவும் இருந்தால் எது அசையும், எது அசையாது என்பது பார்த்ததுமே தெரியும். ஒரு மாடலில் எல்லாக் கோட்டையும் ஒரே கனத்தில் நிரப்புவதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை, அது எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் சரி.

பள்ளம் மட்டும் பளபளக்கிறது, அல்லது தொட்டால் விரலில் ஒட்டுகிறது

இரண்டும் மையில் இருக்கும் பசையின் அளவால் வருவது. அரக்கோ அக்ரிலிக்கோ சேர்ந்த மை கொஞ்சம் மினுமினுப்போடுதான் காயும், கடைசி மேட் வார்னிஷ் அதைச் சமன் செய்துவிடும், அதுவரை பொறுங்கள். விரலில் கரி ஒட்டினால் நேர்மாறு: தண்ணீர் அளவுக்கு மீறிப் போய்ப் பசை போதாமல் துகள் சும்மா தூசியாக உட்கார்ந்திருக்கிறது. கலவையில் தண்ணீரின் ஒரு பகுதிக்குப் பதில் மேட் மீடியம் (நிறமில்லாத, மேட்டாகக் காயும் அக்ரிலிக் பசை) சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விட்டதைத் துடைக்காமல் தூரத்திலிருந்து ஸ்பிரே வார்னிஷால் பிடித்து வையுங்கள்.

வார்னிஷ் பூசியதும் மை கலைந்து ஓடுகிறது

பாட்டிலை எடுத்துப் படியுங்கள். தண்ணீர் புகாத மை என்று போட்டிருக்காது, பெரும்பாலும் ஃபவுண்டன் பேனா மையாக இருக்கும். அதில் இருப்பது கரி இல்லை, தண்ணீரில் கரைந்த சாயம். எவ்வளவு நாள் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும், சில சாயம் வெளிச்சத்தில் மங்கியும் போகும். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் பிரஷால் வார்னிஷ் பூசாதீர்கள். தண்ணீர் வகை இல்லாத வார்னிஷை மெல்லிய தூவலாக இரண்டு மூன்று முறை, நடுவில் காயவிட்டு அடியுங்கள். அடுத்த மாடலுக்கு இந்த மை வேண்டாம்.

மரம் வளைகிறது, திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது

ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் மெல்லிய பலகை அந்தப் பக்கம் உப்பி வளையும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பூசி, தட்டையாக வைத்துக் கனம் ஏற்றிக் காயவிடுங்கள். தண்ணீரைவிட ஆல்கஹால் வாஷில் வளைவு குறைவு, மரத்துக்கு அதைச் சொன்னதன் காரணமே இதுதான்.

திட்டு என்றால் பசை. ஒட்டும்போது பிதுங்கி வந்த பசை கண்ணுக்குத் தெரியாத படலமாக மரத்தின் மேல் காய்ந்திருக்கும், அதன் வழியாக மை உள்ளே இறங்காது, அந்த இடம் மட்டும் நிறம் ஏறாத வெறும் மரமாகப் பளிச்சென்று தெரியும். ஒட்டுவதற்கு முன்பே எல்லாப் பலகைக்கும் மை கொடுத்துவிடுவதுதான் ஒழுங்கு. ஒட்டி முடித்த கட்டடத்தில் கண்டுபிடித்தால் அந்தத் திட்டைக் கத்தி முனையால் இழை போகும் திசையில் மெதுவாகச் சுரண்டி, படலம் போன பிறகு மறுபடி மையைத் தொட்டு வையுங்கள். அதுவும் பிடிக்காத இடத்தில் சாம்பல் நிற அக்ரிலிக்கை உலர் பிரஷில் எடுத்து இழையோடு தடவினால் பக்கத்துப் பலகையோடு சேர்ந்துவிடும்.